ஒரு வார்த்தை கேட்காமல்

குழந்தைவேல் புது பிளேடை மாட்டி, ஒற்றை விரலால் என் தாடையை மேலே தூக்கி, கத்தியைக் காதோரம் வைத்த நேரம் பார்த்துப் பாக்கெட்டில் போன் துடித்தது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. என் மனைவி ஃபிலோ கூப்பிட்டால் இப்படித் துடிக்காது, லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண் கூப்பிட்டாலும் துடிக்காது, இந்தத் துடிப்பை நான் உலகத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வைத்திருக்கிறேன். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. இன்றைக்கு அல்ல, அநேகமாக பூமி என்று ஒன்று உருவாவதற்கும் முன்னால் வெடித்தது, அதன் காமாக் கதிர்கள் அத்தனை காலம் நடையாய் நடந்து, நான் வடவள்ளி சலூன் ஒன்றில் முகம் முழுக்க நுரையோடு மல்லாந்திருக்கும் இந்த முற்பகலில் வந்து ஒரு செயற்கைக்கோள் மேல் விழுந்திருக்கின்றன. நல்ல நேரம் பார்த்தாய் ராசா. அந்தக் கதிர்கள் சில நொடி அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஆனால் வெடித்த இடத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் மிச்சம் இருக்கும், பின்னொளி என்கிறோம், அடுப்பை அணைத்த பிறகும் பர்னரில் கொஞ்ச நேரம் சூடு நிற்குமே அந்த மாதிரி. நிமிஷத்துக்கு நிமிஷம் குறையும். உடனே திரும்பிப் பார்த்தால் பார்க்கலாம், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்றால் அதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்காகத்தான் எங்கள் ரோபோ தொலைநோக்கி. சிலி நாட்டில் ஒரு பாலைவன மலையில் ஆள் அரவமில்லாத கூண்டுக்குள் இருக்கிறது, இங்கே பகல் என்றால் அங்கே இரவு, தானே கூரையைத் திறக்கும், ஈரக்காற்று அடித்தால் தானே மூடிக்கொள்ளும். அதற்குப் புத்தி எழுதிக் கொடுத்தவன் நான். நேரில் பார்த்ததே இல்லை, இருந்தாலும் இந்தத் தெருவில் எனக்கு டெலஸ்கோப் சார் என்றுதான் பெயர்.

இப்போது சங்கடம் என்னவென்றால், பாக்கெட்டில் துடித்தது கேள்வியா சேதியா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே துடிப்புதான். போன வாரம் வரைக்கும் அது கேள்வி. செயற்கைக்கோளிலிருந்து தகவல் வந்ததும் தொலைநோக்கி எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும், ‘திரும்பட்டுமா?’ என்று. நான் ‘ஆம்’ என்று தட்ட வேண்டும், தட்டிய பிறகுதான் திரும்பும். ஏன் அப்படி எழுதினேன்? ஏனென்றால் தொலைநோக்கி சும்மா இருப்பதில்லை, வேறு யாருக்காவது வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும், அவரைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அதற்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பெரியப்பா ஒருவர் பதினோரு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெண் பிடித்திருக்கிறது, ஜாதகம் வேண்டாம், மண்டபம் அவர் சொல்லியிருக்கக்கூடிய அதே மண்டபம், எல்லாம் சரி, ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த வீட்டில் வளர்ந்தவன் எழுதினால் இயந்திரமும் கேட்கத்தான் செய்யும். என்னோடு வேலை பார்க்கும் சுகிர்தா முதல் நாளே சிரித்தாள். “சார், ஊர் உலகத்துல எல்லா ரோபோவும் சிக்னல் வந்தா திரும்பிடுது. நம்மது மட்டும்தான் மாமா முறைக்காரங்க கிட்ட வெத்தலை பாக்கு வெச்சுக் கேட்டுட்டுத் திரும்புது.” சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு தடவை கிரகப்பிரவேசப் பந்தியில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கேள்வி வந்தது, கை கழுவிவிட்டு ‘ஆம்’ தட்டியபோது அங்கே விடிந்துவிட்டது. போன வாரம் அந்தக் கேள்வியை எடுத்தேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி எடுத்தேன். இனிமேல் கேட்காது, திரும்பும், திரும்பிவிட்டு ‘திரும்பிவிட்டேன்’ என்று சேதி மட்டும் சொல்லும். ஆனால் எடுத்ததை சிலிக்கு அனுப்பினேனா? கடைசியில் அந்த ஒரு பட்டனை அழுத்தினேனா?

“தாடைய இறுக்காதீங்க சார். லூசா வுடுங்க, லூசா.” விட்டேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் போன் வலது பாக்கெட்டில் இருக்கிறது, வலது கை என் பேச்சை இப்போதெல்லாம் அரைமனதாகத்தான் கேட்கிறது, அதற்கும் மேலே கழுத்தில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி, அதற்கும் மேலே கத்தி. குழந்தைவேல், ஒரு நிமிஷம் என்று சொல்லலாம். சொல்லலாமா? நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே நிச்சயமில்லை, காலையில் ஃபிலோவிடம் சட்னி கேட்டேன், அவள் சட்டை எடுத்து வந்தாள். இதே கடையில், இதே கண்ணாடிக்கு முன்னால், நான் கையைத் தூக்கிக்கொண்டு குழறலாக ஏதாவது சத்தம் எழுப்பினால் இந்த மனுஷன் என்ன நினைப்பார்? கத்தியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறிப்பார். நான் உள்ளே வந்ததிலிருந்து அவர் பார்வை என் வாயின் வலது ஓரத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. நுரை போடும்போதும் அந்த ஓரத்தில் பிரஷ்ஷை ஒரு சுற்று குறைவாகவே சுற்றினார். பாவம், அவருக்கு இன்னொரு தடவை அந்தப் பயத்தைக் கொடுக்க முடியாது. நட்சத்திரம் செத்து எத்தனையோ கோடி வருஷம் ஆகிவிட்டது, குழந்தைவேலை இன்றைக்கு மறுபடி ரோட்டுக்கு ஓட வைக்கக் கூடாது. ஆடாமல் இருந்தேன். பாக்கெட்டில் மறுபடி துடிக்கவில்லை. கேள்வியாக இருந்தால் பதில் வராதபோது இரண்டாவது முறை கேட்கும்படி எழுதியிருந்தேனே, அது எத்தனை நிமிஷம் கழித்து? மறந்துவிட்டது. நான் எழுதியதே எனக்கு மறந்துவிட்டது.

நாலு மாசத்துக்கு முன்னால் அதோ அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் இப்போதும் தெரிகிறது, ரெக்சின் கிழிந்து பஞ்சு தள்ளியிருக்கும் ஓரம்தான் என் இடம். என் முறைக்காகக் காத்திருந்தேன், கையில் பேப்பர். பேப்பர் விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை, பேப்பரில் ஏதோ எண்ணெய் பட்டிருக்கிறது என்றுகூட நினைத்தேன், இப்படியா பேப்பர் போடுவான் என்று ஏஜென்ட் மேல் எரிச்சல் வந்தது. நாற்காலியில் வேறு ஒருவர், பாதி முகம் மழித்தாகிவிட்டது, பாதி முகம் நுரை. குழந்தைவேல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்து அவர் என் முன்னால் நின்றார். என்ன சார் பண்ணுது என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போடட்டுங்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒன்றுமில்லை குழந்தைவேல், நீங்கள் அவரை முடியுங்கள், பாதியில் நிற்கிறது பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன், மரியாதைக்குப் பிறந்தவன் நான், சாகும்போதும் வரிசையில் நின்றுதான் செத்திருப்பேன். அவர் என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். கத்தி தரையில் கிடந்தது, அது இன்னும் ஞாபகம் இருக்கிறது, கத்தியைக் கீழே போட மாட்டார் அவர், தொழில் செய்கிற பொருள். ஆட்டோவில் ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் அந்தப் பாதி முகத்துக்காரர். என் தலை அவர் தோளில் கிடந்தது, நுரை என் நெற்றியில் ஒட்டியது, சந்தன சோப்பு வாசனை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபிலோவிடம் சொன்னாராம், பக்கவாதம், இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பேச்சே வந்திருக்காது என்று. ஃபிலோ அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள், உரித்த சுளைகளை அவளே சாப்பிட்டுவிட்டாள்.

இன்றைக்குத்தான் மறுபடி இங்கே வருகிறேன். இத்தனை நாளும் மச்சினன் வீட்டுக்கு வந்து மெஷினால் மழித்துவிட்டான், ஆடு மேய்ந்த மாதிரி அங்கங்கே திட்டுத்திட்டாக. ஃபிலோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “சும்மா ஷேவ் பண்ணிட்டு வந்துராதீங்க, அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, ஒரே ஒரு வார்த்தை, கோடி புண்ணியம்” என்று சொல்லிவிட்டு உழவர் சந்தைக்குப் போனாள். ஒரு வார்த்தை. எந்த வார்த்தை? அங்கேதான் சிக்கல். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், வாய் நிறைய கம்பி போட்டிருக்கிற சின்னப் பெண், எனக்கு எழுதிக்கொடுத்த வார்த்தைகளில் ஒரு வரிசை: ஒன்று, கன்று, கொன்றை, நன்றி. என் நாக்கு அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் வழுக்குகிறது. ஒன்று என்றால் ஒண்ணு என்று வரும். பரவாயில்லை சார், எல்லாரும் அப்படித்தானே பேசறோம் என்றாள். கன்று என்றால் கன்னு. அதுவும் பரவாயில்லை, கன்னுக்குட்டிதானே. நன்றி என்றால் நன்னி. அவள் அந்த வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். நானும் யோசித்தேன். எல்லா வார்த்தைக்கும் வீட்டில் உடுத்துகிற உடுப்பு ஒன்று இருக்கிறது, இந்த ஒன்றுக்கு இல்லை. நன்றி என்பது எப்போதும் மேடைக்குப் போகிற உடுப்போடுதான் நிற்கிறது, மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்றி வணக்கம் என்று. வீட்டில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இருபத்தெட்டு வருஷம் ஃபிலோ சோறு போட்டிருக்கிறாள், ஒரு நாள் நன்றி என்றிருந்தால் உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். தேங்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தால் தேங்க்ஸ், பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் தேங்க்ஸ், அதையா இவரிடம் சொல்வது, உயிரைக் கொடுத்ததற்கும் பேனாவுக்கும் ஒரே வார்த்தையா? நன்றிதான் வேண்டும். அதுதான் வர மறுக்கிறது. மூன்று நாளாகக் குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன். நன்னி. நன்தி. நந்தி. ஒரு தடவை சுத்தமாக வந்தது, யாரும் இல்லை கேட்க, பக்கெட் மட்டும் இருந்தது.

பட்டனை அழுத்தினேனா? யோசி. செவ்வாய்க்கிழமை. ஜன்னல் பக்கம் மேஜை. வரிகளை எடுத்தேன், பரிசோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்தேன், பொய்யாக ஒரு வெடிப்பை அனுப்பினேன், கேட்காமல் திரும்பியது, திரையில் திரும்பியது, அதுவரை சரி. பிறகு நிஜமானதுக்கு அனுப்ப வேண்டும். ‘அனுப்பு’ என்று தட்டினேன். அனுப்பலாமா என்று அது திருப்பிக் கேட்டது, அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன், எல்லா இடத்திலும் ஒரு வார்த்தை கேட்க வைத்திருக்கிறேன் மடையன். அப்போது ஃபிலோ உள்ளேயிருந்து கூப்பிட்டாள், பிசியோகாரர் வந்திருக்கிறார் என்று. எழுந்தேன். எழும் முன் அழுத்தினேனா, எழுந்தபின் அழுத்தினேனா, அழுத்தவே இல்லையா? பிசியோகாரர் மஞ்சள் பந்தைக் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, பந்தைப் பிசைந்தது ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு மதியம் கொள்ளுப் பருப்பு, அதுகூட ஞாபகம் இருக்கிறது, விரல் பட்டனில் பட்ட ஞாபகம் மட்டும் இல்லை. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் நின்று யோசிப்பார்களே, அது. இப்போது சிலியில் அது பூனைக்குட்டி மாதிரி என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு, பூனாவிலிருந்து பாட்டீல் என்கிற ஆராய்ச்சியாளர் கேட்ட நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறதோ? அங்கே இந்த இரவு பாட்டீலுடையது. ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கிரகம் குறுக்கே போகிறதா என்று விடிய விடியக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும் அவருக்கு, நடுவில் திரும்பினால் அந்த இரவு வீண், அடுத்து எட்டு மாசம் கழித்துத்தான் கிடைக்கும். அழுத்தியிருந்தால் பாட்டீல் என்னைத் தின்றுவிடுவார். அழுத்தாமல் இருந்தால் சுகிர்தா ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் தாங்காது. இந்த ஒரு பின்னொளிக்காக அவள் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தாள், வருகிற மாசத்தோடு அவள் வேலைக்காலம் முடிகிறது, கையில் ஒரு வெடிப்பாவது இருந்தால்தான் நீட்டிப்பார்கள். அவளுக்காகவாவது அழுத்தியிருக்க வேண்டும்.

“அன்னிக்கி சாரு வந்து உக்காந்தப்பவே முகம் ஒரு மாதிரியா இருந்துதுங்களா குழந்தைவேலு” என்று அடுத்த முறைக்காகக் காத்திருந்த ஒரு தாத்தா கேட்டார், அவருக்கும் கதை தெரிந்திருக்கிறது, தெருவுக்கே தெரிந்திருக்கிறது. குழந்தைவேல் கத்தியை என் கழுத்திலிருந்து எடுத்துத் துடைத்தார். “எனக்கு என்னங்க தெரியும், நான் என்ன டாக்டருங்களா? பேப்பரு வுழுந்துச்சு. எடுத்தாரு. மறுக்கா வுழுந்துச்சு. பயந்துட்டனுங்க, அவ்வளவுதான். ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா சாரு என்னை நல்லாத் திட்டியிருப்பாரு.” தாத்தா சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், நுரைக்குள் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒன்றும் தெரியாமல்தான் திரும்பியிருக்கிறார். தெரிந்துகொண்டு திரும்பலாம் என்றால் நேரம் இருந்திருக்காது. செயற்கைக்கோள் அனுப்புகிற தகவலும் அப்படித்தான், இந்தப் பக்கம் ஏதோ என்று மட்டும் சொல்லும், பாதிக்குப் பாதி ஒன்றுமே இல்லாமல் போகும், சூரியனின் தும்மலாகக்கூட இருக்கும், இருந்தாலும் திரும்ப வேண்டும், திரும்பிய பிறகுதான் என்ன என்று பார்க்க வேண்டும். இதைப் படித்துப் படித்துப் பட்டம் வாங்கியவன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “அந்த இன்னொருத்தரு யாருங்க, பாதி சவரத்தோட போனவரு?” என்று தாத்தா விடவில்லை. “அதுதான் தெரியலைங்க. பஸ்ஸுக்கு நின்னவரு. ஆஸ்பத்திரியில சாரை உள்ள கொண்டுபோற வரைக்கும் காலைப் புடிச்சிட்டே வந்தாரு. வெளிய வந்து பாத்தா ஆளைக் காணம். அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. முடிச்சு வுட்ருக்கலாம், ஒரு கன்னம்தானுங்களே.” எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துபோய் அந்த மனிதர் எந்த பஸ்ஸில் ஏறினாரோ, எந்த ஊரில் இறங்கினாரோ, எந்த வீட்டில் இது என்ன கோலம் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாரோ. பேர் தெரியாது, முகமும் பாதிதான் தெரியும். அவர் நன்றாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் அவர் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை நுரை போட்டார். எதிர்மயிராக ஒரு இழுப்பு, இதில்தான் மனுஷனின் கைப்பழக்கம் தெரியும், கழுத்துக் குழியில் வளைந்து ஏறி எங்கேயும் தட்டாமல் இறங்கியது. இந்த வலது கன்னத்தில் இன்னும் பாதிதான் உணர்வு, கத்தி போவது தூரத்தில் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது, ஆனால் இருந்தது, போன மாசம் அதுவும் இல்லை. போன மாசம் இல்லாத எத்தனை இருக்கிறது இப்போது. சுண்டுவிரல் மடங்குகிறது. மாத்திரைப் பட்டையை நானே உடைக்கிறேன். ஃபிலோவின் பெயரை முழுசாகச் சொல்கிறேன், ஃபிலோமினா, ஒரு எழுத்து தப்பாமல். திடீரென்று போனைப் பற்றிய பதற்றம் இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்று தெரியவில்லை, பட்டன் ஞாபகம் வந்துவிடவில்லை, அது வரவே இல்லை. ஆனால் கேள்வி என்றால் நேரம் எப்போதோ போய்விட்டது, இப்போது பதறி ஒன்றும் ஆகாது, சுகிர்தாவிடம் நேரில் போய் நின்று சொல்ல வேண்டியதுதான். சேதி என்றால், நினைத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, நான் இங்கே கண்ணை மூடி மல்லாந்திருக்கிறேன், அங்கே கூண்டுக்குள் அந்த இரும்பு உடம்பு யாரையும் கேட்காமல், பாட்டீலின் நட்சத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, உறுமிக்கொண்டு திரும்புகிறது. நான் தேவையில்லை. வாழ்க்கை முழுக்க என்னைக் கேட்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு, கேட்காமல் நடந்த ஒன்றால் உயிர் கிடைத்திருக்கிறது, இனி எத்தனை பேர் கேட்காமல் என்ன செய்தாலும் எனக்குக் கோபம் வராது போலிருக்கிறது. வரும், நாளைக்கே வரும், என் குணம் எனக்குத் தெரியும். இன்றைக்கு வரவில்லை.

படிகாரத்தைத் தேய்த்தார், எரிந்தது, இடது பக்கம் நன்றாக, வலது பக்கம் கொஞ்சம். துணியை உதறி எடுத்தார். இடது கையைக் குறுக்கே விட்டு வலது பாக்கெட்டிலிருந்து போனை இழுத்தேன், வரவில்லை, குழந்தைவேல் இரண்டு விரலால் எடுத்துக் கையில் வைத்தார். திறந்தேன். ‘திரும்பிவிட்டேன்’ என்று இருந்தது. நானே எழுதிய வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, முதல் தடவையாக எனக்கு வந்திருக்கிறது. கீழே அது எடுத்த படம். அதற்குக் கீழே அதே இடத்தின் பழைய படம். பழையதில் இல்லாத ஒரு புள்ளி புதியதில் இருந்தது, ஓரத்தில், உப்புக்கல் அளவுக்கு. அதற்கும் கீழே சுகிர்தா, எழுத்தே இல்லை, ஆச்சரியக்குறியாகப் போட்டு நிரப்பியிருந்தாள், பிறகு ‘சார், கடைசியில மாமாவைக் கேக்காமலே கல்யாணத்தை முடிச்சுட்டீங்க’ என்று. அதற்கும் கீழே பாட்டீல், ஆங்கிலத்தில் நீளமாக, என் இரவு போயிற்று என்று தொடங்கியிருந்தார், படிக்கப் பயமாக இருந்தது, படித்தேன், படம் பார்த்தேன், அருமை, ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று முடித்திருந்தார். மராட்டியிலும் பெரியப்பாக்கள் இருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, சிரித்தால் வாய் ஒரு பக்கமாகப் போகிறது, போகட்டும் என்று சிரித்தேன். “என்னங்க சார், நல்ல சேதிங்களா?” என்று கண்ணாடியில் கேட்டார் குழந்தைவேல். தலையை ஆட்டினேன். போனைக் காட்டினேன், புள்ளியைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இதுங்களா? நான் தூசின்னு நெனச்சனுங்க.”

எழுந்து நின்றேன். அவர் துண்டால் என் காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், தாத்தா நாற்காலியில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே பஸ் ஹாரன், ரேடியோவில் தங்கம் விலை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். நாக்கு நுனியை மேலே ஒட்டு, விடாமல் வை, அப்புறம் உதறு, கம்பி போட்ட பெண் சொல்லிக் கொடுத்தபடி. குழந்தைவேல் என்று கூப்பிட்டேன், அது வந்தது. அவர் கை நின்றது. அவர் கண்ணைப் பார்த்தேன். வயதானவர், எனக்கு அது வரைக்கும் தெரியாது, இமையில் நரைத்த முடி இருந்தது. சொன்னேன். நன்னி. அப்படித்தான் வந்தது, கோணலாக, மூக்கிலிருந்து பாதி, நெஞ்சிலிருந்து பாதி. அவர் முகம் மாறியது. “தண்ணிங்களா சார்?” கேட்டுக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார், தாத்தாவை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார், பானை மூடி விழுகிற சத்தம், டம்ளரைக் கழுவுகிற சத்தம். இல்லை குழந்தைவேல், நான் சொன்னது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வந்துவிட்டார், மூச்சு வாங்குகிறது அவருக்கு, டம்ளரை என் இடது கையில் வைத்தார், நடுங்கினால் பிடிப்பதற்கு அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டார். “மெதுவாக் குடிங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க.” எனக்குத் தாகமே இல்லை. அவர் கையோடு சேர்த்துப் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். “இன்னுங் கொஞ்சம் வேணுங்களா?” என்று கேட்டார். “போதும்” என்றேன். அது மட்டும் சுத்தமாக வந்தது.